கெட்டிக்காரப் பிள்ளைதான், வாசிக்கத்தான் வருதில்லை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களிடமும் வைத்தியர்களிடமும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தரம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசிக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டுக் கேள்வி எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

மகன் தரம் 3. வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். புத்தகத்தைத் திறந்தால் முழிக்கிறான். இது பஞ்சியா, வருத்தமா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. பஞ்சிப்படுகிற பிள்ளை எல்லா வேலைக்கும் பஞ்சிப்படும். உங்கள் மகன் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுகிறான், கிரிக்கெட் ஓட்டக் கணக்கை மனதில் வைத்திருக்கிறான், வாசிப்பு என்றதும் மட்டும் தண்ணி விடாய்க்குது என்று எழும்பிப் போகிறான் என்றால், அந்த ஒரு வேலை அவனுக்கு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு கடினமாக இருக்கிறது என்று பொருள்.

இதற்கு மிகப் பொதுவான காரணம் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடு. ஒரு சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரிப்பதும், அந்த ஒலிகளை எழுத்துகளோடு சட்டென்று இணைப்பதும் இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பாக வருவதில்லை. நூறு பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. புத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1896 இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். படிப்பெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் பதிந்திருக்கிறார். நூற்றிருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நாங்கள் இன்னும் பிள்ளையை "மொக்கு" என்றுகொண்டிருக்கிறோம்.

தரம் 1 இல் நன்றாக வாசித்தாளே, இப்போதுதானே தடுமாறுகிறாள்?

வாசித்தாளா, பாடமாக்கிச் சொன்னாளா என்று பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில் விண்ணர்கள். ரீச்சர் இரண்டு தரம் வாசித்தால் போதும், பக்கம் முழுவதும் நினைவில் நின்றுவிடும். படத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துவிடுவார்கள். கண் எழுத்தின் மேல் ஓடும், வாய் நினைவில் இருந்து சொல்லும்.

சோதிப்பது சுலபம். அவள் சரளமாக "வாசிக்கிற" பக்கத்தையே எடுங்கள். படத்தைக் கையால் மறையுங்கள். கடைசி வரியில் இருந்து ஒரு சொல்லை, பிறகு நடு வரியில் இருந்து ஒன்றை விரலால் காட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு வர அவள் முதல் வரியில் இருந்து முணுமுணுக்கத் தொடங்கினால் விளங்கிக்கொள்ளலாம். "தோட்டம்" என்று இருப்பதை "வளவு" என்று சொன்னாலும் அதேதான்: கருத்து பிடிபட்டிருக்கிறது, எழுத்துப் பிடிபடவில்லை. இதைச் சோதனை மாதிரிச் செய்யாமல் விளையாட்டாகச் செய்யுங்கள். மறைத்து வைத்திருந்த ஒன்று வெளியே வந்துவிட்டது என்று பிள்ளை வெட்கப்படக் கூடாது.

தரம் 3 க்கு மேல் பாடங்கள் நீளும், படங்கள் குறையும், புதிய சொற்கள் கூடும். நினைவை மட்டும் நம்பி ஓட முடியாத இடம் அது. "திடீரென்று படிப்பு விழுந்துவிட்டது" என்று பெற்றோர் சொல்வதும் அந்த வயதில்தான்.

"வாளைப்பளம்" என்று எழுதுகிறான். இதுவும் டிஸ்லெக்சியாவா?

இல்லை, இது யாழ்ப்பாணம். நாங்கள் கதைக்கும்போது ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கின்றன. காதில் விழுந்ததைப் பிள்ளை எழுதுகிறது. ந, ன குழப்பமும் ர, ற குழப்பமும் அப்படித்தான். வளர்ந்தவர்களே விடுகிற பிழைகள் இவை. வாசிக்க வாசிக்கக் கண் பழகித் திருந்தும். இதற்காகச் சிவப்பு மையால் கொப்பியை நிரப்ப வேண்டாம்.

கவனிக்க வேண்டிய பிழைகள் வேறு. மெய்யெழுத்தின் புள்ளி அடிக்கடி விடுபடுவது ("கப்பல்" என்பது "கபபல" ஆவது). குறில் நெடில் மாறுவது ("படம்", "பாடம்" இரண்டும் ஒன்றாவது). அரவும் (ா) ரகரமும் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிவதால் "காரம்" போன்ற சொல்லில் எது எது என்று தொலைந்துபோவது. நடுவில் ஓர் எழுத்தே காணாமல் போவது. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை கொம்பு. "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பிறகு வருகிறது. "கொ" என்பதில் ககரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இடமிருந்து வலம் ஒவ்வொன்றாக ஒலித்துப் போகிற பிள்ளைக்கு இது பெரிய அநியாயமாகத் தெரியும், நியாயம்தான்.

இவற்றில் எதுவும் தரம் 1 பிள்ளைக்கு வழமையானதே. தரம் 2 முடிந்தும் ஒரே பக்கத்தில் இவை எல்லாம் கலந்து வருகின்றன, ஒரே சொல் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்றால் விசாரிக்க வேண்டிய நேரம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் எழுத்து ஒலிக்கு ஓரளவு நேராக அமைந்தது. அதனால் சில பிள்ளைகள் பிழையில்லாமல் வாசிக்கப் பழகிவிடுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிக் கூட்டி, மிக மெதுவாக. வரி முடியும்போது தொடக்கம் மறந்திருக்கும். பிழை இல்லையே என்று இவர்களை விட்டுவிடுகிறோம். வேகமும் ஓர் அறிகுறிதான்.

அம்மம்மா "வளர வரும், பொறு" என்கிறா. எவ்வளவு காலம் பொறுக்கலாம்?

அம்மம்மா சொல்வதில் பாதி சரி. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்து ஐந்து வயதில் தொடங்குகிற பிள்ளைக்கு ஒரு வருடத்தில் படியாது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆரம்ப வகுப்புகளில் பிள்ளையை மறித்து வைப்பதில்லை. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அடுத்த வகுப்புக்குப் போய்விடும். பொறுத்துப் பொறுத்து தரம் 5 வந்த பிறகு பதறுகிற வீடுகள் நிறைய.

தரம் 1, 2 இரண்டும் சேர்ந்து முதன்மை நிலை 1. அதன் முடிவில் பிள்ளைக்கு எவை கட்டாயம் வந்திருக்க வேண்டும் என்று அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளின் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாசிப்பு, எழுத்துத் தேர்ச்சிகளில் பின்தங்கி மற்றவற்றில் முன்னுக்கு நின்றால் அன்றைக்கே உதவியைத் தொடங்கலாம். உதவி செய்வதற்கு வைத்தியரின் துண்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டிஸ்லெக்சியா இல்லை என்று பின்னர் தெரிந்தாலும் அந்த உதவியால் நட்டம் எதுவும் இல்லை.

முதலில் யாரிடம் காட்டுவது?

கண்ணையும் காதையும். இவை டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் அல்ல, ஆனால் கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளையும், காதில் நீர் கட்டி ஒலிகள் தெளிவில்லாத பிள்ளையும் இதே மாதிரித்தான் தடுமாறும். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதற்குக் காத்திருக்காமல் யாழ் போதனா வைத்தியசாலையிலோ அருகில் உள்ள ஆதார வைத்தியசாலையிலோ காட்டலாம். பிறகு பிள்ளை வைத்தியர். அவர் தேவைக்கேற்ப பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமோ மனநல வைத்தியரிடமோ அனுப்புவார். "மனநலம்" என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். கவனக்குறைபாடு, பதற்றம் போன்றவை கூடவே இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அங்கேதான். பிள்ளையின் பழைய கொப்பிகள் இரண்டு மூன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பெற்றோர் அரை மணித்தியாலம் விளக்குவதை ஒரு கொப்பி இரண்டு நிமிடத்தில் காட்டிவிடும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

நாளுக்குப் பதினைந்து, கூடினால் இருபது நிமிடம். பின்னேரம் விளையாடிவிட்டு வந்து தேத்தண்ணி குடித்த பிறகு, பிள்ளை களைக்காமல் இருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முதலில் கொப்பியே வேண்டாம், காதுதான் வேண்டும். குசினியிலோ மோட்டார் சைக்கிளில் போகும்போதோ கேளுங்கள்: "மாமா, மாடு, மாலை, எல்லாம் எதில தொடங்குது?" "மரம் என்டதில ம வை எடுத்துப்போட்டு க போட்டால் என்ன வரும்?" "பால், கடைசிச் சத்தம் என்ன?" வாசிப்புக்கு அடித்தளம் இந்த விளையாட்டுத்தான். இடர்பாடுள்ள பிள்ளை இங்கேயே திணறும், அதனால் இங்கேயே தொடங்க வேண்டும்.

பிறகு எழுத்து. அகர வரிசையில் அ முதல் ஔ வரை சொல்லத் தெரிவது வேறு, எழுத்தைத் தனியாகக் கண்டு ஒலிப்பது வேறு. எனவே வரிசையை விட்டுவிட்டுக் கொஞ்ச எழுத்தை எடுங்கள். ப, ட, ம மூன்றும், புள்ளியும், அரவும் போதும். படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம் என்று அவற்றுக்குள்ளேயே எத்தனையோ சொற்கள்.

பழைய கலண்டர் மட்டையில் சின்ன அட்டைகள் வெட்டுங்கள். மேசையில் "பட்டம்" என்று வையுங்கள்: ப, ட், ட, ம் என நான்கு அட்டைகள். பிள்ளை ஒவ்வோர் ஒலியையும் வாயால் சொல்லிக்கொண்டு அந்த அட்டைக்குக் கீழே ஒரு புளியங்கொட்டையைத் தள்ளட்டும். நான்கு ஒலி, நான்கு கொட்டை. இப்போது "ட்" அட்டையை எடுத்துவிடுங்கள். என்ன ஆயிற்று? படம். பகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரவை வையுங்கள். பாடம். புள்ளிக்கும் அரவுக்கும் என்ன வேலை என்று நீங்கள் விளக்கவே வேண்டாம், பிள்ளையின் கைக்கே தெரிந்துவிடும். பட்டம் ஏற்றுகிற மாதங்களில் இந்தச் சொல் தனி ருசி.

எழுதுவதற்கும் முதலில் பென்சில் தேவையில்லை. ஏடு தொடக்கும்போது தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதுவித்தோமே, அதையே தொடருங்கள். அரிசியோ குருமணலோ, விரல் எழுத்தின் வடிவில் ஓடும்போது வாயும் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் வரைந்தால் அது படம் கீறுவது மட்டும்தான். கண், காது, வாய், விரல் நான்கையும் ஒன்றாக வேலை வாங்குகிற இந்த முறை 1930களில் அமெரிக்காவில் ஓர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவரின் பெயரால் ஒழுங்குபடுத்தப்பட்டது. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணல் எப்போதோ இருந்தது.

கொம்பு எழுத்துகளுக்கு அவசரப்படாதீர்கள். ககரமும் அரவும் உறுதியான பிறகு, கொம்பை மட்டும் வேறு நிறத்தில் எழுதி, "முன்னுக்கு நிற்கும், பின்னுக்குச் சத்தம் போடும்" என்று பழக்குங்கள். பல கிழமை எடுக்கும். எடுக்கட்டும்.

கடைசியாக, சேர்ந்து வாசித்தல். நாலைந்து வரி உள்ள ஒரு பந்தி. நீங்கள் விரல் ஓட்டி வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக. அதே பந்தியை அடுத்த இரண்டு மூன்று நாளும். திணறினால் நாலைந்து செக்கன் பொறுத்துச் சொல்லைக் கொடுத்துவிடுங்கள். "நேற்றுத்தானே சொல்லித் தந்தனான்" என்ற வசனம் மட்டும் வாயில் வரக் கூடாது.

பிழைவிட்ட சொல்லைப் பத்துத் தரம் எழுதச் சொல்லலாமா?

வேண்டாம். மூன்று முறை எழுதிய பிறகு கை மட்டும் எழுதும், மனம் எழும்பிப் போயிருக்கும். நாலாம் முறை பிழை புகுந்தால் மிச்சம் ஆறு முறையும் பிழையைத்தான் பழக்குகிறீர்கள். ஒரு தரம் பார்த்து, மறைத்து, ஒலித்துக்கொண்டு எழுதி, பிள்ளையே ஒப்பிட்டுப் பார்ப்பது போதும்.

ரியூசனைக் கூட்டினால் சரிவராதா?

நாற்பது பேர் இருந்து எழுதுகிற ரியூசன் வகுப்பு பள்ளிக்கூடத்தில் பிள்ளை எதில் தோற்றதோ அதையே பின்னேரமும் கொடுக்கும். அந்தக் காசுக்கு, கிழமையில் இரண்டு நாள் ஒரு பிள்ளையோடு மட்டும் இருந்து ஒலியும் எழுத்தும் படிப்பிக்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ரீச்சர்மார் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள், பொறுமையுள்ளவர்களாய் விசாரித்து எடுங்கள்.

நாங்கள் வாசித்துக் காட்டினால் அதற்கே பழகிவிடமாட்டாளா?

பெற்றோர் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். மிகவும் பிழையாக முடிவெடுப்பதும் இதில்தான். வாசிக்கப் பழகுவது ஒரு வேலை. அறிவு வளர்வது இன்னொரு வேலை. முதலாவது மெதுவாகத்தான் போகும். அது முடியும்வரை இரண்டாவதைக் காக்க வைத்தால், எட்டு வயது மூளைக்கு ஐந்து வயதுப் புத்தகத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்போம். பிள்ளைக்கு அலுப்புத் தட்டும், சொல்வளம் குறையும், பிறகு எழுத்துக் கூட்டத் தெரிந்தாலும் கூட்டிய சொல்லின் பொருள் தெரியாது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் காரணம் ஒன்றும் உண்டு. வீட்டில் கதைக்கிற தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு. "வந்தவை" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு "வந்தார்கள்" புதியது. புத்தகத் தமிழைக் காதால் நிறையக் கேட்ட பிள்ளைக்கு அதை வாசிக்கும்போது அடுத்த சொல் இதுவாகத்தான் இருக்கும் என்ற பிடி கிடைக்கும். ஆகவே இரவில் வாசித்துக் காட்டுங்கள். அவள் வயதுக்கு ஏற்றதை, அல்லது ஒரு படி மேலே உள்ளதை: விண்வெளி, பாம்பு, பழைய அரசர், எது பிடிக்குமோ அது. யாழ் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. கூட்டிக்கொண்டு போங்கள், படத்தைப் பார்த்து அவளே புத்தகத்தைத் தெரிவுசெய்யட்டும். பதினைந்து நிமிடப் பயிற்சியையும் இந்த வாசிப்பையும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். கதையின் நடுவில் "இது என்ன எழுத்து?" என்று நிறுத்தினால் கதையும் போகும் பயிற்சியும் போகும்.

கைபேசியும் உதவும். கூகுளில் குரலால் தட்டச்சுச் செய்ய "தமிழ் (இலங்கை)" என்ற தெரிவே இருக்கிறது. கட்டுரையை வாயால் சொல்லி எழுத்தாக்கி, பிறகு அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதலாம். சொன்னது அவளுடைய கருத்துத்தானே.

வகுப்பாசிரியரிடம் எப்படிக் கதைப்பது? குறை சொல்கிறோம் என்று நினைத்துவிடுவாரோ?

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வாசலில் நின்று கதைக்காதீர்கள், நேரம் கேட்டுப் போங்கள். "ரீச்சர், வீட்டில் இப்படிச் செய்கிறோம், உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. கேட்பதையும் சிறிதாகக் கேளுங்கள். முன் வாங்கில் இடம். முன்னறிவிப்பு இல்லாமல் எழும்பி வாசிக்கச் சொல்லாதிருப்பது. கரும்பலகையில் எழுதியது முழுவதையும் பிரதி பண்ணாமல் பாதி. சுற்றாடல் பாடத்தில் விடை சரியென்றால் எழுத்துப்பிழைக்குப் புள்ளி வெட்டாதிருப்பது. சொல்வதெழுதலுக்கு இருபது சொல்லுக்குப் பதில் ஆறு. இவற்றில் எதுவும் காசு கேட்காது. ஒத்துழைப்புக் கிடைக்காவிட்டால் அதிபர், அதற்கு மேல் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே?

வரட்டும். அது இல்லாமலும் பிள்ளை தரம் 6 க்குப் போகும். இரண்டு வினாத்தாளும் நேரத்தோடு ஓடி வாசிக்கிற வினாத்தாள்கள். மெதுவாக வாசிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைக்கு விடை தெரிந்தும் பக்கம் முடியாது. எழுத விருப்பமென்றால் எழுதட்டும். வாசிப்புப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கடந்தகால வினாத்தாள்களை அடுக்குவதுதான் கூடாது. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் உண்டு. வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கும் இது பயன்படும், ஆகவே அறிக்கைகளைக் கோப்பில் கட்டி வையுங்கள்.

வல்லாரை கொடுத்தால்?

சம்பல் நல்லாயிருக்கும், கொடுங்கள். வாசிப்புக்கு அதில் மருந்து இல்லை. நிறக் கண்ணாடி, மீனெண்ணெய்க் குளிசை எல்லாவற்றுக்கும் இதே பதில்.

இது பரம்பரையா? பிள்ளையின் அப்பாவுக்கும் எழுத்துப்பிழை வருகிறது. "இடம்பெயர்ந்து திரிந்ததில் படிப்புக் குழம்பினது" என்பார்.

குடும்பங்களில் தொடர்வது உண்மை. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை என்று சொல்லப்படுகிறது. எங்கள் தலைமுறையில் இதைப் பிரித்தறிவது கஷ்டம். 1995 இடப்பெயர்வில் மரத்துக்குக் கீழே படித்தவர்கள், வருடக்கணக்கில் பள்ளிக்கூடமே போகாதவர்கள் என்று எல்லாருக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது, அது நியாயமான காரணமும்தான். ஆனால் படிப்புத் திரும்பத் தொடங்கிய பிறகும் அவருக்கு மட்டும் வாசிப்பு ஏறவில்லை, கூடப் படித்தவர்களுக்கு ஏறியது என்றால் கதை வேறு. அதை அவர் மகனிடம் சொன்னால் நல்லது. "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று அப்பா சொல்கிற ஒரு வசனம் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

பிள்ளையிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். தனக்கு ஏதோ பிழை என்று பிள்ளை ஏற்கனவே முடிவு கட்டியிருக்கும், அந்த முடிவு அநேகமாக "நான் மொக்கு" என்பதுதான். "உனக்கு விளங்குறது கெதியா நடக்குது, எழுத்தைப் பிடிக்கிறது மட்டும் மெதுவா நடக்குது, அதுக்குத்தான் இந்தப் பயிற்சி" என்றால் ஏழு வயதுக்கு விளங்கும். கலியாண வீட்டில் "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்கிற சொந்தக்காரருக்கு விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மூன்று மாதத்தில் முழுதாய்க் குணமாக்குவோம் என்று ஒரு நிலையம் சொல்கிறது. சேர்க்கலாமா?

டிஸ்லெக்சியா ஒரு காய்ச்சல் அல்ல, மூன்று மாதத்தில் இறங்குவதற்கு. நல்ல பயிற்சியால் பிள்ளை வாசிக்கப் பழகும், பெரும்பாலானவர்கள் நன்றாகவே வாசிப்பார்கள், ஆனால் அது வருடக் கணக்கு. போய்க் கேளுங்கள்: என்ன ஒழுங்கில் படிப்பிக்கிறீர்கள், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரா, தமிழ் எழுத்தில் தொடங்குகிறீர்களா, ஆங்கில எழுத்திலா, ஒரு வகுப்பை நான் இருந்து பார்க்கலாமா? தமிழில் தடுமாறுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பயிற்சி கொடுத்து அனுப்புகிற இடம் வேண்டாம். பெற்றோரை உள்ளே விடாத இடமும் வேண்டாம். மூன்று மாதக் காசை முன்கூட்டிக் கட்டச் சொன்னால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.